பெயர் சொல்லப் பிள்ளையில்லாதார்

பட்டணம் பார்த்து வருதல் நம் ஊரார்க்குப் பண்டுதொட்டு ஓர் இன்பச் செலவாகவே இருந்து வருகின்றது. துணி எடுக்கச் செல்வார் சிலர். மருத்துவரைக் காணச் செல்வார் சிலர். கடற்காற்று வாங்கச் செல்வார் பலர். கல்லறை பார்க்கச் செல்வாரும் உளரோ எனின், இலர் என்றே சொல்லல் வேண்டும். யானும் என் மனைவியும் சென்ற ஆடித் திங்களில் ஒருநாள் சென்னைக்குச் சென்று அன்றிரவே மீண்டோம். "என்ன வாங்கி வந்தீர்கள்?" என்று அண்டை வீட்டார் வினவினர். "சில பெயர்களைப் படித்துவிட்டு வந்தோம்" என்றேன். அவர் நகைத்தனர். அந்நகைப்பே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. நம் கல்லூரியின் பழைய மாணவன் என்னும் உரிமை பற்றி, யாங்கள் கண்டதையும் கருதியதையும் மாணவ நண்பர்கள் முன் வைக்கத் துணிகின்றேன்.

யாங்கள் வேலூரில் வாழ்கின்றோம். வேலூர் லாங்பஜாரிலே மணிக்கூண்டு ஒன்று உண்டு. காய்கறி வாங்குவோரும் மூட்டை சுமப்போரும் நாடோறும் அதனருகே செல்கின்றனர். அதில் ஒரு கற்பலகை பதிக்கப்பெற்றிருக்கின்றது. 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த பெரும்போருக்கு இவ்வூரினின்றும் 277 பேர் சென்றனர் என்றும், அவருள் 14 பேர் உயிர் துறந்தனர் என்றும் அஃது ஆங்கிலத்தில் அறிவிக்கின்றது. அவ்வளவே. அப்பதினால்வர் யாவர்? எத்தெருவினர்? யார் மக்கள்? கல் வாய் திறவாது. இத்தகைய பலகைகள் இந்திய நாட்டின் ஊர்கள் பலவற்றில் ஏறத்தாழ ஒரே வாசகத்தோடு பதிக்கப்பெற்றன. ஊரின் பெயரும் எண்ணுமே மாறும். ஐம்பது ஆண்டுகளாக அக்கல்லைக் கடந்து சென்றவன் யான். ஒருநாளேனும் இவ்வினாக்கள் என் உள்ளத்தில் எழவில்லை. அவற்றை எழுப்பியவள் என் மனைவி.

அவள் பாட்டனாரின் தமையனார் ஒருவர் அப்போருக்குச் சென்றவர். வேலூரை அடுத்த சிற்றூரிற் பிறந்தவர், மணமாகாதவர். மெசபடோமியாவுக்குச் சென்றார் என்பதும், மீளவில்லை என்பதுமே குடும்பத்தில் வழங்கும் செய்தி. இறந்த நாள் தெரியாமையால் ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று அவருக்குப் படையல் இடுவர். "பட்டாளத்துப் பெரியப்பா" என்றே என் மாமனார் அவரைக் குறிப்பார். அவருடைய பெயர் யாது என்று என் மனைவி சிறுமியாயிருந்தபொழுது ஒருமுறை கேட்டாளாம். "பெரியவரைப் பேர் சொல்லலாமா?" என்று பாட்டி அதட்டினாராம். அவருக்குக் கணவரின் தமையனார் அல்லரோ! மரியாதையினாலே மறைந்தது அப்பெயர். பாட்டனார் காலமானார், பாட்டியும் காலமானார், மாமனார் சென்ற ஆண்டு மறைந்தார். இன்று அப்பெயரை அறிந்தார் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் இலர்.

இவ்வாண்டு மைத்துனன் வீட்டிற் படையல் முடிந்த மாலை, என் மனைவி நெடுநேரம் வாளாவிருந்தாள். பின்னர், "யாருக்குப் படைக்கின்றோம் என்றே தெரியாமல் அல்லவா படைக்கின்றோம்? சென்னையிலே போரில் இறந்தவர்களுக்கு நினைவிடங்கள் இருக்கின்றனவாமே. ஒருமுறை போய்ப் பார்த்து வரலாமா?" என்று கேட்டாள். மெசபடோமியாவில் இறந்தவரைச் சென்னையிலே காண இயலாது என்பதை யான் அறிவேன், அவளும் அறிவாள். ஆயினும் மறுக்க மனம் வரவில்லை. அடுத்த வாரமே புறப்பட்டோம்.

காட்பாடியிலே விடியற்காலையில் வண்டி ஏறினோம். இட்டலிப் பொட்டலமும் தண்ணீர்ப் புட்டியும், வாழையிலையில் ஈரத்துணி சுற்றிய ஒரு முழம் மல்லிகையும் அவள் கைப்பையில் இருந்தன. மல்லிகை தலைக்கென்றே நினைத்தேன்.

சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, முதற்கண் உயர்நீதிமன்றத்தின் கிழக்கு மதிலை அடைந்தோம். அங்கே ஒரு கல் உண்டு. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் இரவு ஜெர்மானியப் போர்க்கப்பலாகிய எம்டன் சென்னையின்மீது குண்டு பொழிந்ததை அக்கல் குறிக்கின்றது. துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்க் கிடங்குகள் அன்று பற்றி எரிந்தன. பட்டணத்து மாந்தர் அஞ்சி ஊர்களுக்கு ஓடினர். சில நிமிடங்களே கடலில் நின்று குண்டெறிந்த அக்கப்பலின் பெயர் தமிழ்மொழியிலேயே குடியேறிவிட்டது. தந்திரசாலியை "அவன் பெரிய எம்டன்" என்று இன்றும் சொல்லுகின்றோம் அன்றோ? "குண்டு போட்ட கப்பலின் பெயர் குழந்தைக்கும் தெரிகின்றது" என்று மட்டும் கூறி என் மனைவி மேலே நடந்தாள்.

பின்னர்க் கோட்டையைக் கடந்து, கடற்கரைச் சாலை தொடங்குமிடத்தில் உள்ள போர் நினைவுச்சின்னத்தைக் கண்டோம். முதல் உலகப்போரில் நேசநாடுகள் அடைந்த வெற்றியைக் குறிக்க எழுந்த வட்டவடிவக் கட்டிடம் அது. இரண்டாம் உலகப்போரில் மாண்ட சென்னை மாகாணத்தாரையும், நாடு விடுதலை பெற்ற பின் காஷ்மீரத்திலும், 1962-இல் சீனருடனும், பின்னர்ப் பாக்கிஸ்தானுடனும் நிகழ்ந்த போர்களில் உயிர் நீத்தாரையும் நினைவுகூரும் இடமாகவும் அது பின்னர் அமைந்தது. குடியரசு நாளில் அங்கே மலர்வளையம் வைத்து வணங்குவர். யாங்கள் சென்ற நாள் எவ்விழாவும் இல்லாத நாள். வண்டிகள் இரைந்து ஓடிக்கொண்டிருந்தன. நின்று பார்ப்பார் எங்களையன்றி ஒருவரும் இலர். எங்கள் முதியவரை அங்கே தேடுதற்கும் வழியில்லை. பெயரே அறியாத ஒருவரை எங்ஙனம் தேடுவது?

உச்சிப்பொழுதில் ஓர் உணவுச்சாலையிற் சோறுண்டு, மெட்ரோ இரயிலில் ஆலந்தூர் சென்று, அங்கிருந்து ஆட்டோவில் நந்தம்பாக்கத்தை அடைந்தோம். பூந்தமல்லிக்குச் செல்லும் பெருஞ்சாலையின் ஓரத்தே, இரைச்சலுக்கு நடுவில், அமைதியே உருவாகக் கிடக்கின்றது சென்னைப் போர்க்கல்லறைத் தோட்டம். தென்னாட்டிலும் கீழ்நாட்டிலும் பல ஊர்ப் புதைகாடுகளிற் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப்போர்க் கல்லறைகளை, நிலையாகப் பேணுதற்பொருட்டு, ஒருங்கு கொணர்ந்து சேர்த்த இடம் அது. அப்போரில் மாண்டோர் 856 பேர் அங்கே துயில்கின்றனர். பசும்புல் பரப்பிலே ஒரே உயரமும் ஒரே வடிவமும் உடைய நடுகற்கள் நிரல்பட நிற்கின்றன. படைத்தலைவனுக்கு உயர்ந்த கல் என்பதும் கடைநிலை வீரனுக்குத் தாழ்ந்த கல் என்பதும் அங்கே இல்லை. ஒவ்வொன்றிலும் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது ஆகியன காணப்படுகின்றன. என் மனைவி கண்ணாடியை அணிந்துகொண்டு ஒவ்வொரு கல்லின் முன்னும் குனிந்து, ஆங்கில எழுத்துக்களைக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். பெயரைவிட வயதே அவளை நிறுத்திற்று. இருபது, இருபத்திரண்டு, பத்தொன்பது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே சென்றாள். "எல்லாம் நம் பேரன் வயசுப் பிள்ளைகள்" என்றாள்.

தோட்டத்தின் பிற்பகுதியில் முதல் உலகப்போருக்குரிய நினைவுச்சுவர் இருக்கின்றது. 1914 முதல் 1918 வரையில் உயிர் நீத்து, இந்தியாவின் பல ஊர்களிற் புதைக்கப்பெற்று, இன்று கல்லறை பேணப்படாத நிலையிலுள்ள ஆயிரத்துக்கு மேற்பட்ட படைவீரரின் பெயர்கள் அதிற் பொறிக்கப்பெற்றுள்ளன. எங்கோ கடல் கடந்த நாட்டிற் பிறந்து, நம் நாட்டு மண்ணில் மறைந்தோர் அவருட் பலர். கல்லறை போயிற்று; பெயர் போகவில்லை. என் மனைவி வாழையிலையைப் பிரித்து, அம்மல்லிகையைச் சுவரின் அடியில் வைத்தாள்.

"இவர்கள் நம்மவர் அல்லரே" என்றேன்.

"இவர்களைப் பெற்றவர்கள் இவ்வளவு தூரம் வந்து பூ வைத்திருக்க மாட்டார்கள். நம்மவருக்கு அங்கே எவளாவது ஒருத்தி வைத்திருப்பாள்" என்றாள்.

அதற்குமேல் யான் ஒன்றும் பேசவில்லை.

நிற்க. அவள் நம்பியவாறு "அங்கே" என்ன இருக்கின்றது என்பதனை ஆராய்தல் வேண்டும். போரில் மாண்டோர்க்குக் கல்லறையும் நினைவுச்சின்னமும் அமைத்தற்கென்றே 1917-ஆம் ஆண்டில் இலண்டனில் ஓர் ஆணையம் நிறுவப்பெற்றது. இன்று அது பொதுநலநாட்டுப் போர்க்கல்லறை ஆணையம் எனப் பெயர் பெற்றுள்ளது. பதவி, இனம், சமயம் என்னும் வேற்றுமை பாராது இறந்தார் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நினைவுகூர்தல் வேண்டும் என்பதே அதன் கொள்கை. அக்கொள்கையின் அழகை நந்தம்பாக்கத்தில் எங்கள் கண்களாற் கண்டோம். பிரான்சு நாட்டிலே நொவ் ஷாப்பெல் என்னுமிடத்தில் 1927-இல் திறக்கப்பெற்ற நினைவுச்சின்னத்தில், கல்லறை அறியப்படாத 4,700-க்கு மேற்பட்ட இந்தியப் படைவீரர், கூலிப்படையினர் ஆகியோரின் பெயர்கள் பொறிக்கப்பெற்றுள்ளன.

ஆனால் 1929-இல் ஈராக்கின் பாசரா நகரில் எழுப்பப்பெற்ற நினைவுச்சின்னத்தின் கதை வேறு. மெசபடோமியாவில் மாண்ட 40,000-க்கு மேற்பட்டோருக்கு உரியது அது. அங்கே வெள்ளை வீரர் அனைவருக்கும் பெயர் உண்டு. இந்தியருள் அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. ஏனைய இந்திய வீரர்க்கோ, ஒவ்வொரு படைப்பிரிவின் கீழும், மேலும் இத்தனை இந்தியச் சிப்பாய்கள் என்னும் எண்ணிக்கையே உண்டு. இவ்வாறு எண்ணாக மாறியோர் 30,000-க்கும் மேற்பட்டவர். ஐரோப்பியர் வந்து காணும் பிரான்சிலே பெயர். எவரும் வந்து காணார் என்று கருதிய பாலைநிலத்திலே எண்! ஒரே நாட்டவர், ஒரே போர், ஒரே ஆணையம். இவ்வேற்றுமைக்குக் காரணம் கல் கிடையாமை அன்று, மனம் இல்லாமையே.

இது பழைய மனக்குறையை யான் மிகைப்படுத்திக் கூறுவதன்று. 2021-ஆம் ஆண்டு ஏப்பிரலில் அவ்வாணையமே ஒரு சிறப்புக் குழுவின் அறிக்கையை வெளியிட்டது. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் முதலியோருள் 45,000 முதல் 54,000 பேர் வரை ஏனையோர்க்கு ஒப்பாக நினைவுகூரப்பெறவில்லை என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருகால் 3,50,000 பேர் வரையிலும், பெயரால் நினைவுகூரப்படாமலோ முற்றும் விடப்பட்டோ போயினர் என்றும் அவ்வறிக்கை ஒப்புக்கொண்டது. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சரும் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். மன்னிப்பு நன்று. ஆயின் நூறாண்டு கழித்துக் கோரிய மன்னிப்பைக் கேட்பதற்கு அத்தாய்மாருள் ஒருவரும் உயிரோடு இல்லை.

பிறர் குற்றத்தைப் பேசுதல் எளிது. எங்கள் குடும்பத்தில் அப்பெயரை மறைத்தவர் வெள்ளையர் அல்லர். பாசராவிலே அவரை எண்ணாக்கினர்; வீட்டிலே அவரை உறவுமுறையாக்கினோம். இரண்டிற்கும் நடுவில் அம்மனிதர் மறைந்துபோனார். வேலூர் மணிக்கூண்டின் கல்லைப் பதித்தோர் பெயர்களை விட்டனர் என்பது மெய். அதன் பின்னர் ஒரு நூற்றாண்டு கழிந்தது. நாடு விடுதலை பெற்று முக்கால் நூற்றாண்டுக்கு மேலாயிற்று. அக்கல்லின் கீழ்ப் பதினான்கு பெயர்களைச் சேர்த்தல் வேண்டும் என்று நம்முள் எத்தனை பேர் கேட்டோம்?

இதற்கு மறுப்புக்கள் உள. அந்நியப் பேரரசு தன் நலத்திற்காக நடத்திய போரில் மாண்டோரை நாம் ஏன் போற்றல் வேண்டும் என்பர் சிலர். அச்சிப்பாய்க்கு அன்று மாதச் சம்பளம் 11 ரூபாய். தம்பி தங்கையர் கஞ்சி குடித்தற்பொருட்டுச் சென்றவர் அவருட் பலர். அவர் போரை அறிவித்தவர் அல்லர், போரினால் அறுக்கப்பட்டவர். பெயர் பொறித்தல் போரைப் புகழ்வதாகாது. உண்மையில், பெயரே போருக்குப் பகை. பதினால்வர் என்னும்போது நாம் தலையசைத்துவிட்டு நடக்கின்றோம். இன்ன தெருவில் இன்னார் மகன், வயது இருபத்திரண்டு என்னும்போது நம் கால் நிற்கின்றது. எண்ணைக் கண்டு எவரும் அழுததில்லை.

இறந்தாரை விட்டு இருப்பாரைக் கவனித்தல் வேண்டும் என்பர் வேறு சிலர். அது தக்க மொழியே. ஆயின் பதினான்கு பெயர்களைக் கல்லில் எழுதுவதனால் எந்த ஏழையின் அடுப்பும் அணைந்துபோகாது. இறந்தவனை எண்ணாகக் கருதப் பழகிய மனம், இருப்பவனையும் நாளடைவில் எண்ணாகவே கருதும். அயல்நாட்டிற் கட்டிடம் கட்டச் சென்று மாளும் நம் தொழிலாளியும், கடலிற் போய் மீளாத மீனவனும் இன்று நாளிதழிற் பலவேளை எண்ணாகவே தோன்றுகின்றனர் அல்லரோ?

இன்பச் செலவிலே கல்லறை எதற்கு என்பார்க்கும் ஒரு சொல். யாங்கள் அன்று துயரத்தோடு மீளவில்லை. மாலையில் பேத்திக்கு ஒரு பாவாடைத் துணியும் எனக்கு ஒரு குடையும் வாங்கினோம். நிலையத்தில் காப்பி அருந்தினோம். ஆயினும் அன்று பட்டணத்திற் கண்ட பிறவெல்லாம் மங்கிவிட்டன; அப்புல்வெளியே நிற்கின்றது. ஒருநாட் செலவில் ஒரு நாழிகையை இறந்தார்க்கு அளித்தால் அந்நாள் குறைவுபடுவதில்லை என்பதே என் அனுபவம்.

பெயர் பொறித்தல் நமக்குப் புதியதொரு வழக்கமும் அன்று. போரில் வீழ்ந்தானுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியம் பல படிகளாக வகுத்துக் கூறுகின்றது. செங்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலே பல்லவர் கால நடுகற்கள் பல கிடைத்துள்ளன. எங்கள் பழைய வடஆர்க்காடு மாவட்டத்து மண்ணே அது. அவற்றுள் எடுத்தனூர் நடுகல் ஒன்று. மகேந்திரவர்மன் காலத்தது. ஆநிரையைக் காத்து மாண்ட வீரனோடு, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாயும் அக்கல்லிற் செதுக்கப்பெற்றுள்ளது. அந்நாயின் பெயரையும் எழுதி வைத்தனர்: கோவிவன். ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னே ஒரு சிற்றூரார் தம் நாயின் பெயரையும் காத்தனர். அதே மண்ணிற் பிறந்த பதினால்வரின் பெயர்களை நாம் காத்தோம் அல்லேம். இதனை நினைக்குந்தோறும் எனக்கு நாணம் உண்டாகின்றது.

மகனுடைய மகனைப் பெயரன் என்று நம் முன்னோர் அழைத்தனர். பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். மண்ணில் மறைந்தவனை நாவில் நிறுத்தும் பொருட்டே அவ்வழக்கம் ஏற்பட்டது. பேர் சொல்ல ஒரு பிள்ளை வேண்டும் என்று நம் தாய்மார் வேண்டுவதும் அதுபற்றியே. இருபது வயதில் மணமின்றி மாண்டவனுக்கு மகன் ஏது? பெயரன் ஏது? அத்தகையோர்க்கு ஊரே பெயரனாதல் வேண்டும்.

மாணவ நண்பர்களே! இப்பணிக்கு நீவிரே உரியீர். கருவிகளும் உங்கள் கையில் உள்ளன. மேற்கூறிய ஆணையத்தின் பெயர்ப்பட்டியல் இன்று இணையத்தில் எவரும் காணக் கிடக்கின்றது. இந்திய வீரர் பலருக்குத் தந்தை பெயரும், ஊரும், வட்டமும், மாவட்டமும் அதிற் குறிக்கப்பெற்றுள்ளன. ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர்கள் சிதைந்திருக்கும். அவற்றை நம் செவியால் திருத்திப் படித்தல் வேண்டும். உங்கள் ஊரிலே முதியோர் இருப்பின், "நம் குடும்பத்தில் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவர் உண்டா?" என்று கேளுங்கள், பெயரையும் கேளுங்கள், அவர் சொல்லத் தயங்கினால் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். பஞ்சாபியர் 3,20,000 பேரின் போர்ப் பதிவேடுகள் இலாகூர் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ நூறாண்டு தீண்டுவாரின்றிக் கிடந்து, 2021-இலே வெளிச்சத்துக்கு வந்தன. தேடுவார் இருப்பின் ஏடுகள் பேசும். ஒரு விடுமுறையில் பத்து மாணவர் முயன்றால் ஒரு வட்டத்தின் பட்டியலை ஆக்கிவிடலாம். அதன்பின் ஊர்ப் பெரியோரையும் நகராட்சியையும் அணுகி, பழைய கல்லை அகற்றாது, அதன் கீழே தமிழிற் பெயர்களைப் பொறித்த ஒரு கல்லைப் பதிக்கச் செய்யலாம்.

எங்கள் முதியவரின் பெயர் இனி அகப்படுமோ, அகப்படாதோ, யான் அறியேன். பட்டியலில் எங்கள் சிற்றூரின் பெயரோடு மூவர் காணப்படுகின்றனர். அவருள் ஒருவராக இருக்கலாம். மூவரும் அல்லாதவராகவும் இருக்கலாம். என் மனைவி மூன்று பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, பூசையறையில் வைத்திருக்கின்றாள். "எவராயிருந்தாலும் சரி, வரும் ஆடியில் மூவரையும் பேர் சொல்லியே கூப்பிடுவேன். பாட்டி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை" என்கின்றாள். அவள் தொடங்கிவிட்டாள். மணிக்கூண்டின் பதினால்வரும் காத்திருக்கின்றனர். இளைஞர் முன்வருவாராக.